பம்ப் மேல் பழி போடும் முன்: பித் பிளாக் பிரஸ்ஸில் குறை கண்டுபிடிப்பது

எனக்கு வரும் ஃபோன் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் ஆரம்பிக்கும். "ஏனுங்ணா, பம்ப் போயிருச்சுங்க."

பொள்ளாச்சியில் கிளம்பி கோபாலபுரம் தாண்டி கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் என்று ஒரு சுற்று வந்தால் வழி நெடுக மஞ்சி (தேங்காய் நார்) மில், பித் எனும் நார்க்கழிவுத் தூளை உலர்த்தும் களம், அதை 5 கிலோ கட்டியாக அமுக்கும் ஹைட்ராலிக் (ஆயில் பிரஷரில் ஓடும்) பிரஸ். கேரள எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பேச்சு தமிழ்தான். அந்தப் பக்கம் "பிரஷர் கிட்டலைங்க" என்பார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். குற்றவாளி மட்டும் இரண்டு பக்கமும் ஒன்றே: பம்ப். நான் போய்ப் பார்த்தால் பத்தில் ஒன்றிரண்டு தடவைதான் உண்மையிலேயே பம்ப் போயிருக்கும். மற்றதெல்லாம் தூசி, சூடு, தண்ணீர், ஒயர். அதனால் இந்தக் குறிப்பில் பம்ப் எங்கேயும் கடைசியில்தான் வரும்.

ஸ்பேனர் எடுக்கும் முன்

மோட்டாரை நிறுத்தினால் மட்டும் போதாது. மெயின் ஸ்விட்சை இறக்கி, ஃப்யூஸைக் கழற்றிப் பாக்கெட்டில் போட்டுக்கொள்ளுங்கள். தூக்கி நிற்கும் சிலிண்டரைக் கீழே இறக்குங்கள், இறங்காவிட்டால் தடி முட்டுக் கொடுங்கள். கேஜ் முள் பூஜ்ஜியத்துக்கு வந்ததா என்று பாருங்கள். அக்யுமுலேட்டர் (பிரஷரைச் சேமித்து வைக்கும் உருளை) வைத்த மெஷினாக இருந்தால் மோட்டார் நின்ற பிறகும் உள்ளே பிரஷர் இருக்கும். அதைத் தனியாக டேங்குக்குத் திறந்து விட வேண்டும்.

ஒழுகும் ஹோஸைக் கையால் தடவிப் பார்க்கக் கூடாது. 200 பாரில் ஊசி முனை அளவு ஓட்டையிலிருந்து வரும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். பார்த்தால் முள் குத்திய புள்ளி மாதிரிதான் இருக்கும், வலியும் முதலில் பெரிதாகத் தெரியாது. சில மணி நேரத்தில் கை வீங்கும், தாமதித்தால் விரலையே எடுக்க வேண்டி வரலாம். அப்படி ஆகிவிட்டால் மஞ்சள் வைத்துக் கட்டிக்கொண்டு உட்காராமல் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய், "பிரஷர் ஆயில் உள்ளே ஏறிவிட்டது" என்று அந்த வார்த்தையிலேயே சொல்லுங்கள். ஒழுகலைத் தேட ஓர் அட்டைத் துண்டு போதும். நனைகிற இடம் தானே காட்டிக்கொடுக்கும்.

கட்டி சரியாக அமுங்கவில்லை

இது மெஷின் குறையா, பித் குறையா என்பதை முதலில் பிரித்துக்கொள்ள வேண்டும். ஈரம் 20 சதவீதத்துக்கு மேல் இருக்கும் பித்தை எவ்வளவு அமுக்கினாலும் வெளியே வந்ததும் உப்பும், ஓரம் உதிரும். மழை வந்து அவசரமாகக் களத்தில் அள்ளிய பித்தில் இது சகஜம். அமுக்கும் நேரத்தில் கேஜ் முள் வழக்கமான இடத்தைத் தொடுகிறது, கட்டி மட்டும் உப்புகிறது என்றால் பிரஸ்ஸில் கை வைக்காதீர்கள். நேற்றைய காய்ந்த பித்தில் இரண்டு கட்டி அடித்துப் பாருங்கள்.

முள் ஏறவில்லை என்றால்தான் மெஷின் பக்கம் வர வேண்டும். ஒரு கணக்கு மனதில் இருக்கட்டும். 200 மி.மீ. போர் (உள்விட்டம்) சிலிண்டருக்கு 200 பார் கொடுத்தால் சுமார் 64 டன் அழுத்தும். அதே சிலிண்டரில் பிரஷர் 150க்கு இறங்கினால் 48 டன்தான். கட்டி விரல் தடிமன் கூடி வருவது அதனால்தான். வேகத்துக்கும் பிரஷருக்கும் நேரடி சம்பந்தம் இல்லை. பம்ப் நிமிடத்துக்கு 60 லிட்டர் தள்ளினால் இந்தச் சிலிண்டர் நொடிக்கு 3 செ.மீ. சொச்சம் நகரும். நகர்வது மெதுவாகி, கடைசியில் அமுக்கும் பலம் சரியாக இருந்தால் ஆயில் போதுமான அளவு வந்து சேரவில்லை. வேகம் சரியாக இருந்து பலம் இல்லையென்றால் எங்கேயோ பிரஷர் நழுவுகிறது. ஃபோனில் இந்த ஒரு கேள்விக்குப் பதில் சொன்னால் எனக்குப் பாதி வேலை முடிந்துவிடும்: "மெதுவா போகுதா, இல்ல பலமே இல்லையா?"

மோட்டார் ஓடுகிறது, முள் அசையவே இல்லை

நேற்று வரை நன்றாக ஓடிய மெஷின் இன்று காலை செத்தது போல நிற்கிறதா? மோட்டார் எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று பாருங்கள். வெளியே லைனில் வேலை நடந்து இரண்டு பேஸ் இடம் மாறியிருந்தால் மோட்டார் தலைகீழாகச் சுற்றும். பம்ப் ஆயிலைத் தள்ளாது. பம்ப் உடம்பில் அம்புக்குறி அச்சாகி இருக்கும். அதே திசையில் மோட்டார் விசிறி சுற்றுகிறதா என்று ஒரு நொடி போட்டு அணைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். தலைகீழாகவே ஓட விட்டால் கியர் பம்பின் ஷாஃப்ட் சீல் பிதுங்கிவிடும், அப்புறம் இல்லாத செலவு வரும். பட்டாம்பி பக்கமிருந்து வந்த ஒரு முதலாளி இப்படி ஒரு நாள் முழுக்க ஓட்டிவிட்டு, "புது மெஷினுங்க, அதுக்குள்ள பம்ப் போச்சு" என்று கோபப்பட்டார். இரண்டு ஒயரை மாற்றிப் போட்டேன். ஷாஃப்ட் சீலுக்கு மட்டும் கோயம்புத்தூர் போய் வர வேண்டியதாயிற்று.

திசை சரி என்றால் அடுத்தது மோட்டாரையும் பம்பையும் இணைக்கும் கப்ளிங். மோட்டார் சுற்றும், நடுவே இருக்கும் ரப்பர் ஸ்டார் தேய்ந்து போய் பம்ப் ஷாஃப்ட் சும்மா நிற்கும். வெளியே கார்டு மூடியிருப்பதால் தெரியாது.

மூன்றாவது, டைரக்‌ஷன் வால்வ். ஆயிலைச் சிலிண்டரின் எந்தப் பக்கம் அனுப்புவது என்று திருப்பி விடுவது இதுதான். பல பவர் பேக்குகளில் (மோட்டார், பம்ப், டேங்க் சேர்ந்த செட்) வால்வ் நடு நிலையில் இருக்கும்போது ஆயில் நேராக டேங்குக்கே திரும்பிவிடும்படி அமைத்திருப்பார்கள். அப்போது முள் கீழேதான் கிடக்கும். அது குறை இல்லை. பட்டனை அழுத்தியும் ஏறவில்லை என்றால் வால்வின் முனையில் இருக்கும் சின்ன ஊசியை, அதாவது மேனுவல் பின்னை, மழுங்கிய கம்பியால் உள்ளே அழுத்துங்கள். சிலிண்டர் இருக்கும் இடத்தில் யாரும் இல்லையென்று பார்த்துவிட்டு அழுத்த வேண்டும். அழுத்தியதும் சிலிண்டர் நகர்ந்தால் ஆயில் பக்கம் எல்லாம் சரி. குறை கரன்ட் பக்கம்: லிமிட் ஸ்விட்ச், ரிலே, அறுந்த ஒயர். எலி கடித்த ஒயரைப் பல தடவை பார்த்துவிட்டேன். பித் மூட்டை நடுவில் எலிக்கு மெத்தை வீடு.

அதற்குப் பிறகுதான் ரிலீஃப் வால்வ், அதாவது பிரஷர் அளவு மீறினால் ஆயிலை டேங்குக்குத் திறந்து விடும் வால்வ். இங்கேதான் எல்லோரும் தப்பு செய்கிறார்கள். பிரஷர் ஏறவில்லை என்றதும் ஆபரேட்டர் ரிலீஃப் திருகை முழுவதுமாக முறுக்கி இறுக்கிவிடுவார். உண்மையில் உள்ளே சீட்டில் ஒரு துணுக்குத் தூசி உட்கார்ந்திருக்கும், அல்லது பைலட் வகை வால்வில் ஊசி அளவு துவாரம் அடைத்திருக்கும். இறுக்கி வைத்த பிறகு அந்தத் தூசி ஒரு நாள் தானாக விலகும். அன்றைக்கு முள் 200ஐத் தாண்டி எங்கே போகும் என்று தெரியாது, ஹோஸ் வெடிக்கும் அல்லது பிரஸ்ஸின் வெல்டிங் விடும். எனவே திருகின் நீளத்தைக் காலிப்பரில் அளந்து சுவரில் எழுதிவைத்துக்கொண்டு, கழற்றி, டீசலில் கழுவி, காற்று அடித்து, அதே அளவுக்குத் திருப்பி மாட்டுங்கள்.

இவ்வளவுக்கும் மசியாவிட்டால் பிரித்துப் பார்க்கும் சோதனை. ரிலீஃப் வால்வைத் தாண்டிச் சிலிண்டர் பக்கம் போகும் பிரஷர் லைனைக் (டேங்குக்குத் திரும்பும் லைனை அல்ல) கழற்றிப் பிளக் போட்டு அடையுங்கள். ரிலீஃப் திருகை நன்றாகத் தளர்த்திவிட்டு மோட்டாரைப் போட்டு, மெல்ல மெல்ல இறுக்குங்கள். 200 வரை ஏறினால் பம்பும் ரிலீஃபும் நல்ல நிலையில் இருக்கின்றன, குறை வால்விலோ சிலிண்டரிலோதான். ஏறவில்லை என்றால் இப்போது பம்பைச் சந்தேகிக்கலாம். ஆனால் பம்புக்கும் ரிலீஃபுக்கும் நடுவில் மட்டும் ஒருபோதும் அடைக்கக் கூடாது. போக வழியில்லாத ஆயில் பம்பைப் பிளந்துவிடும்.

பம்ப் கத்துகிறது

கத்துவதிலும் இரண்டு விதம் உண்டு. ஒரே சீராகக் கீச்சென்று இழுத்துக் கத்தினால் பம்புக்கு உறிஞ்ச ஆயில் கிடைக்கவில்லை. சக்‌ஷன் ஸ்ட்ரெய்னர் (உறிஞ்சும் பைப்பின் வடிகட்டி) அடைத்திருக்கும், காலை நேரத்தில் ஆயில் கெட்டியாக இருக்கும், அல்லது டேங்க் மூடியின் பிரீதர் (காற்று போய் வரும் வழி) அடைத்திருக்கும். கடகடவென்று டப்பாவில் கோலிகுண்டு உருட்டுவது போலச் சத்தம் வந்தால் ஆயிலோடு காற்றும் சேர்ந்து உள்ளே போகிறது. டேங்கைத் திறந்தால் மேலே சோப்பு நுரை மாதிரி இருக்கும்.

எங்கள் ஊரில் பிரீதர் அடைப்பது மற்ற இடங்களைவிட அதிகம். பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஜூன் மாதம் தொடங்கி வீசும் காற்றைப் பற்றிப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் காற்றில் களத்துப் பித் தூசி மாவு போலப் பறந்து, டேங்கின் மேல் இருக்கும் பிரீதர் மூடியில் அப்பிக்கொள்ளும். சிலிண்டர் வெளியே நீளும்போது டேங்கில் ஆயில் மட்டம் இறங்கும், அந்த இடத்துக்குக் காற்று வர வேண்டும். வழியில்லை என்றால் டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி பம்ப் திணறும். சோதனை மிகச் சுலபம்: பம்ப் கத்தும்போது மூடியைத் தளர்த்துங்கள். புஸ்ஸென்று காற்று உள்ளே இழுத்து, சத்தம் அடங்கினால் பம்பைக் கழற்ற வேண்டாம், பிரீதர் மாற்றினால் போதும்.

நுரைக்கு வேறு சோதனை. சக்‌ஷன் பைப்பின் ஒவ்வொரு ஜாயின்டிலும் கிரீஸைக் கெட்டியாகத் தடவிக்கொண்டே வாருங்கள். எந்த ஜாயின்டில் தடவியதும் சத்தம் மாறுகிறதோ அங்கேதான் காற்று நுழைகிறது. அந்த ஜாயின்டில் வெளியே ஆயில் ஒழுகாது. உறிஞ்சும் பக்கம் என்பதால் காற்று உள்ளே போகுமே தவிர ஆயில் வெளியே வராது. அதனால்தான் யார் கண்ணிலும் படாமல் தப்பிக்கிறது. ரிட்டர்ன் பைப் ஆயில் மட்டத்துக்கு மேலே நின்று அருவி போலக் கொட்டினாலும் நுரை வரும்.

என்னுடைய தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். வேலந்தாவளம் பக்கம் ஒரு யூனிட். பம்ப் கத்துகிறது. ஸ்ட்ரெய்னர் சுத்தம், பிரீதர் புதிது, ஆயில் மட்டம் சரி. அப்போது எனக்குத் தொழிலில் மூன்று வருடம்தான் அனுபவம், ஆனால் முப்பது வருடத் திமிர். "பம்ப்தான்" என்று சொல்லிப் புதுப் பம்ப் வாங்கவைத்தேன். மாட்டி ஸ்விட்ச் போட்டால் அதே கத்தல். முதலாளி ஒன்றும் பேசவில்லை, டீ மட்டும் சொல்லிவிட்டார். அது திட்டுவதைவிடக் கஷ்டமாக இருந்தது. சாயங்காலம் கடைசி முயற்சியாக சக்‌ஷன் ஹோஸைக் கழற்றிப் பிளேடால் நீளவாக்கில் கீறினேன். உள்ளே ரப்பர் அடுக்கு உரிந்து நாக்கு மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. மோட்டார் ஓடும்போது உறிஞ்சலில் அந்த நாக்கு எழுந்து வழியை அடைக்கும். நிறுத்தினால் படுத்துக்கொள்ளும். வெளியே தொட்டுப் பார்த்தால் ஹோஸ் புதுசு போல இருக்கும். சில நூறு ரூபாய் ஹோஸ். பழைய பம்ப்பை மறுபடி மாட்டினேன், இன்னும் அங்கே அதுதான் ஓடுகிறது. புதுப் பம்ப் பணத்தை என் கூலியில் கழித்துக்கொள்ளச் சொன்னேன்.

டேங்க் ஆயில் மோர் மாதிரி வெளுத்திருந்தால் ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து வையுங்கள். காற்றாக இருந்தால் சற்று நேரத்தில் அடியிலிருந்து மேலாகத் தெளிந்து வரும். தண்ணீராக இருந்தால் தெளியாது. சந்தேகமென்றால் சூடான இரும்புத் தகட்டில் ஒரு சொட்டு விடுங்கள். தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்த மாதிரி படபடத்தால் தண்ணீர் கலந்துவிட்டது, ஆயிலை மாற்றித்தான் ஆக வேண்டும்.

காலையில் குதிரை, மதியத்தில் கழுதை

காலை 8 மணிக்கு மெஷின் பறக்கும், 2 மணிக்கு மேல் ஊர்ந்து போகும். இது முழுக்க முழுக்கச் சூட்டுப் பிரச்சினை. ஆயில் சூடாக ஆக நீர்த்துப்போய், பம்புக்குள்ளேயே பின்னால் நழுவும். டேங்க் 60 டிகிரிக்குள் இருந்தால் நிம்மதி. 80ஐத் தாண்டினால் சீல் எல்லாம் பிளாஸ்டிக் மாதிரி இறுகும். ஏப்ரல் மாதம் இங்கே நிழலிலேயே 40 டிகிரி என்பதை மறந்துவிடாதீர்கள்.

கூலரைத்தான் முதலில் பாருங்கள். ரேடியேட்டர் மாதிரி இருக்கும் ஏர் கூலரின் இறக்கைகளில் பித் தூசி ஆயில் பிசுக்கோடு சேர்ந்து கம்பளி போர்த்தியது போல அடைந்திருக்கும். விசிறி சுற்றும், காற்று மட்டும் போகாது. பின்பக்கமிருந்து காற்று அடித்தால் மூட்டை மூட்டையாகக் கொட்டும். தண்ணீர்க் கூலராக இருந்தால் போர்வெல் தண்ணீரின் உப்பு குழாயில் படிந்திருக்கும்.

கூலர் சுத்தமாக இருந்தும் கொதிக்கிறதென்றால் எங்கோ ஆயில் வேலை செய்யாமல் பிரஷரிலிருந்து டேங்குக்குக் குறுக்கு வழியில் ஓடுகிறது. 200 பாரில் ரிலீஃப் வழியாக நழுவும் ஆயில் ஒரு தடவைக்குச் சுமார் 12 டிகிரி சூடேறும். அது திரும்பத் திரும்ப நடக்கிறது. கையில் பிடிக்கும் டெம்பரேச்சர் கன் இருந்தால் ரிலீஃப், டைரக்‌ஷன் வால்வ், பம்ப் ஒவ்வொன்றையும் அளந்து பாருங்கள். டேங்கைவிடத் தெளிவாகச் சூடாக இருக்கும் பாகம்தான் திருடன். பம்ப் உடம்பு அப்படிச் சுட்டால், சரி, இந்தத் தடவை பம்ப்தான்.

காயில் எரிந்துகொண்டே இருக்கிறது

கரன்டில் வால்வை நகர்த்துவது காயில். ஒரு மாதத்தில் மூன்று காயில் மாற்றியாயிற்றா? நான்காவது வாங்காதீர்கள். 230 வோல்ட் ஏ.சி. காயில் முதல் நொடியில் நிறையக் கரன்ட் இழுக்கும், வால்வுக்குள் வழி மாற்றும் உருளையான ஸ்பூல் முழுதாக நகர்ந்த பிறகுதான் கரன்ட் குறையும். தூசியில் ஸ்பூல் பாதியில் சிக்கினால் கரன்ட் குறையாமலே காயில் வெந்துவிடும். அதனால் வால்வைக் கழற்றி ஸ்பூலைக் கழுவுங்கள். பாலீஷ் பேப்பர் போட்டுத் தேய்க்க வேண்டாம், அந்தப் பளபளப்புதான் வால்வே. 24 வோல்ட் டி.சி. காயிலுக்கு இந்தக் கதை பொருந்தாது. அது எரிந்தால் வோல்டேஜ் அதிகம், அல்லது உள்ளே ஈரம்.

அமுக்கிப் பிடித்து நிற்கவில்லை, ஒழுகுகிறது

முள் 200 தொட்டு, பிடித்து நிற்க வேண்டிய நேரத்தில் மளமளவென்று இறங்கினால் செக் வால்வ் (ஆயிலை ஒரே பக்கம் மட்டும் விடுவது) அல்லது பிஸ்டன் சீல். எது என்று பிரிக்க, சிலிண்டரை முழுதாக நீட்டி நிறுத்தி, பிரஷரை விடுவித்து, ராடு பக்கத்து ஹோஸைக் கழற்றி ஹோஸ் முனையில் பிளக் போடுங்கள். பிறகு நீட்டும் பக்கம் பிரஷர் கொடுத்து, தள்ளி நின்று பாருங்கள். திறந்த போர்ட்டிலிருந்து முதலில் கொஞ்சம் மிச்ச ஆயில் வரும். அது நின்ற பிறகும் தொடர்ந்து ஒழுகினால் பிஸ்டன் சீல் போய்விட்டது.

ராடு பக்கம் வெளியே ஒழுகினால் சீல் மாற்றும் முன் ராடில் நகத்தை வைத்து நீளவாக்கில் இழுங்கள். நகம் எங்காவது தட்டினால் கீறல் இருக்கிறது. எத்தனை சீல் போட்டாலும் அந்தக் கீறல் ஒரு வாரத்தில் தின்றுவிடும். ராடைக் குரோம் பண்ண வேண்டும். ராடைத் துடைக்கும் வைப்பர் சீல் தேய்ந்தால் பித் தூசி ராடோடு ஒட்டி உள்ளே போய்க் கீறல் போடும், எனவே விலை குறைந்த அந்த வைப்பரை வருடம் ஒரு தடவை மாற்றிவிடுவது என் பழக்கம். 1795இல் ஜோசப் பிராமா இங்கிலாந்தில் ஹைட்ராலிக் பிரஸ்ஸுக்குக் காப்புரிமை வாங்கியபோதும் இதே தலைவலிதான். ராடு பக்கம் ஒழுகாமல் நிறுத்தத் தெரியவில்லை. அவரிடம் வேலை பார்த்த ஹென்றி மாட்ஸ்லே தோலில் கிண்ணம் மாதிரி ஒரு வாஷர் செய்து போட்டார் என்கிறார்கள். பிரஷர் ஏற ஏற அதன் உதடு ராடை இறுக்கிப் பிடிக்கும். இன்று நாம் போடும் யு சீலும் அதே சாதிதான். உதடு பிரஷர் பக்கம் பார்த்து இருக்க வேண்டும். திருப்பிப் போட்ட சீலை மாதம் ஒன்றாவது பார்க்கிறேன்.

காற்றுப் பக்கம்

கட்டியை வெளியே தள்ளுவதற்கும் கதவு திறப்பதற்கும் சில யூனிட்டுகளில் காற்றுச் சிலிண்டர் இருக்கும். 6 பார் போதும். மழைக்காலத்தில் இங்கே குறை என்றால் தொண்ணூறு பங்கு தண்ணீர்தான். நிமிடத்துக்கு அரை கன மீட்டர் காற்று இழுக்கும் கம்பிரஸர், ஜூலை மாத ஈரக் காற்றை 7 பாருக்கு அமுக்கினால், 8 மணி நேரத்தில் 4 லிட்டருக்கு மேல் தண்ணீர் பிரியும். டேங்க் அடியில் இருக்கும் டிரெயினைத் தினமும் திறக்காவிட்டால் அந்தத் தண்ணீர் வால்வுக்குள் போகும், உள்ளே இருக்கும் கிரீஸைக் கழுவிவிடும், வால்வ் காலையில் ஒட்டிக்கொள்ளும். இதற்கு மருந்து டிரெயின் திறப்பதுதான், வால்வ் மாற்றுவது அல்ல.

வால்வின் எக்ஸாஸ்ட்டில் ஓயாமல் காற்று சீறினால் வால்வா, சிலிண்டரா? பிரஷரை விட்டுவிட்டு, சிலிண்டருக்குப் போகும் இரண்டு டியூபையும் கழற்றி, வால்வ் பக்கம் பிளக் போட்டுக் காற்றைத் திறங்கள். சீறல் நின்றால் சிலிண்டர் சீல், தொடர்ந்தால் வால்வ்.

சிலிண்டர் குதித்துக் குதித்துப் போனால் ஃப்ளோ கன்ட்ரோல் (காற்றின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் திருகு) தலைகீழாக மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். உள்ளே போகும் காற்றைவிட வெளியேறும் காற்றைக் கட்டுப்படுத்தினால்தான் ஓட்டம் சீராக இருக்கும். லீக்குக்குச் சோப்புத் தண்ணீர். மதியம் எல்லாரும் சாப்பிடப் போனதும் காது கொடுத்துக் கேட்டாலே பாதி லீக் தெரியும். 3 மி.மீ. ஓட்டை ஒன்று சுமார் 3 கிலோவாட் கரன்ட்டைத் தின்னும்.

லோடு ஏற்ற வந்த லாரி நகரவில்லை

இது என் வேலை இல்லைதான், ஆனாலும் கூப்பிடுவார்கள். ராத்திரி நிறுத்திய லாரி காலையில் பிரேக் விடவில்லை என்றால் கேஜைப் பாருங்கள். காற்று இறங்கிவிட்டால் பின் சக்கரத்து ஸ்பிரிங் பிரேக் தானே பிடித்துக்கொள்ளும். வண்டி பத்திரத்துக்காக அப்படி வைத்ததுதான். இன்ஜினை ஓட விட்டுக் காற்று ஏறியதும் விடும். ஏறவே இல்லை என்றால் காற்றின் ஈரத்தைப் பிரிக்கும் ஏர் டிரையரின் அடியில் காதை வைத்துக் கேளுங்கள். இன்ஜின் ஓடும்போது அங்கே நிற்காமல் சீறினால் அடி வால்வில் அழுக்கு. சக்கரத்தில் கட்டை கொடுத்துவிட்டு, பெடலை மிதித்தால் மட்டும் சீறல் கேட்கிறதென்றால் எந்தச் சக்கரத்தில் கேட்கிறதோ அந்த பிரேக் சேம்பரின் டயஃப்ரம்.

அந்த ஸ்பிரிங் சேம்பரின் பின்பக்க மூடியை மட்டும் யாரும் களத்தில் வைத்துக் கழற்ற விடாதீர்கள். உள்ளே அமுங்கி நிற்கும் ஸ்பிரிங் மூடியோடு பறந்தால் எதிரே நிற்பவர் பிழைப்பது கஷ்டம். கேஜிங் போல்ட் போட்டு ஸ்பிரிங்கைக் கட்டி, சேம்பரை முழுசாகக் கழற்றி மாற்றச் சொல்லுங்கள். டிரைவர் "அண்ணா, சுத்தியல் குடுங்க, ரெண்டு தட்டு தட்டுனா விடும்" என்று கேட்டால், சுத்தியலை ஒளித்துவைத்துவிட்டு டீ வாங்கிக் கொடுத்து உட்கார வையுங்கள், மெக்கானிக் வரும் வரைக்கும்.